கோடு போடாத படகு

"கோடு இல்லைன்னா ஓடுவான்டி. ஓடணும்னு நாமதானே எல்லாரும் கூடி முடிவு பண்ணோம். இப்ப வந்து ஓடாதேன்னா எப்படி நிப்பான்?" என்றாள் யூலலி.

அவள் கையிலிருந்த கெளுத்தி பாதி கிழிபட்டபடி வாயைத் திறந்துகொண்டிருந்தது. ருக்மின் மீன் கொட்டகையின் கடல் பக்கத்து வாசலில் நின்று, ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கண்ணெதிரே பறந்துபோன சாம்பல் நிறப் படகு தண்ணீரில் விட்டுப்போன நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு எஞ்சின். முன்பக்கம் நீளத் துப்பாக்கி, அதன்மேல் உறை இல்லை. விலாவில் கோடு இல்லை, எழுத்து இல்லை, ஒன்றுமே இல்லை.

"டான்டி, அது கடலோரக் காவல்படைப் படகு. என் தம்பி டேரில் அதுலதான் இருக்கான்" என்றாள் ருக்மின். யூலலி ஊருக்கே டான்டி, அதாவது அத்தை.

"அவங்க படகுல செவப்புக் கோடு இருக்குமே."

"இது புதுசு. போன வாரம்தான் கப்பல்ல வந்து இறங்கிச்சு. வெள்ளிக்கிழமை மந்திரி வந்து விழா எடுக்கிறாராம், அதுக்கு முந்தின நாள் கோடு அடிப்பாங்களாம். அதுவரைக்கும் சும்மா ஓட்டிப் பார்க்கிறாங்கன்னு சொன்னான்."

"சும்மா ஓட்டிப் பார்க்கிறவன் துப்பாக்கி உறையை ஏன்டி கழட்டினான்?"

அப்போதுதான் ருக்மின் நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து விமானம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரெண்டு விசிறி வைத்த வெள்ளை விமானம். அது சும்மா ஒருதரம் போய்விட்டு வந்தால் ரோந்து. ஒரே இடத்தில் வட்டம் போட்டால் யாரோ வருகிறார்கள். அவர்கள் ஊரான கஸ்காடூ முனையில் மீன் கழுவுகிற பெண்களுக்குக்கூட இது தெரியும். வட்டம் எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் இருந்தது. அவள் புருஷன் சஹதேவ் விடிகாலையில் வஞ்சிரத்துக்குத் தூண்டில் இழுக்கப் போனதும் எண்ணெய்க் கிணற்றுப் பக்கம்தான்.

சஹதேவை ஊரில் 'பிரேக்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் நிறுத்தத் தெரியாத ஆள் என்பதால் வந்த பெயர். குடியை மட்டும் எப்படியோ நிறுத்திவிட்டான், பெயர் நிற்கவில்லை.

கோட்டுக் கதை இதுதான். வளைகுடாவுக்கு அந்தப்பக்கம் அக்கரை. மூன்று வருஷமாக அங்கிருந்து துப்பாக்கியோடு படகுகள் வந்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போகின்றன. வழி காட்டுகிறவன் நம் கரையிலேயே இருக்கிறான் என்றும் பேச்சு. போன செப்டம்பரில் அந்தக் கொள்ளைக்காரர்கள் ஒரு படகுக்குச் சாம்பல் பெயிண்ட் அடித்து, நீலச் சட்டை போட்டு, ஒலிபெருக்கியில் "காவல்படை, நில்" என்று கத்திக்கொண்டு வந்தார்கள். யூலலியின் ஒரே மகன் மார்வின் நிறுத்தினான். இருபத்தாறு வயசு. அவன் கையிலேயே ரேடியோ மைக்கைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். "இது காவல்படைதான். பயப்படாம நிறுத்துங்க" என்றான் மார்வின். தெரிந்த குரல்தானே என்று இன்னும் ரெண்டு படகுகள் நின்றன. மூன்று படகின் எஞ்சினும் போயிற்று. நாலாம் நாள் மார்வின் உடலை அலையாத்திக் காட்டு வேர்களுக்கு நடுவில் எடுத்தார்கள்.

அந்தக் குரல் கடைசியாகக் கேட்டது இந்தக் கொட்டகையில் இருக்கிற இதே ரேடியோவில். கேட்டது யூலலி.

அதற்கப்புறம் சர்ச் ஹாலில் ஊர் கூடிப் பேசி முடிவெடுத்தது. சாம்பல் படகில் சிவப்புக் கோடு இருந்தால் நிற்கலாம். இல்லையென்றால் தூண்டிலை அறுத்துவிட்டு, பெரிய படகு வர முடியாத சேற்றுத் திட்டை நோக்கி ஓட வேண்டியது. ரேடியோவில் யார் நிறுத்தச் சொன்னாலும், பெற்ற தாயே சொன்னாலும், அது கழுத்தில் கத்தி இருக்கிற குரல் என்று வைத்துக்கொள்ள வேண்டியது. பறிகொடுத்த எஞ்சின்களோடு ரேடியோப் பெட்டிகளும் போய்விட்டதால் கொள்ளைக்காரர்களும் இதே அலைவரிசையைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே கடலில் இருக்கிறவர்கள் வாய் திறக்கக் கூடாது. மைக் விசையை ரெண்டு தரம் தட்டினால் 'கேட்டது' என்று அர்த்தம். விடாமல் அழுத்திப் பிடித்தால் 'ஓடுகிறோம், நீங்களும் ஓடுங்கள்'.

இவ்வளவு பத்திரமாக யோசித்து வைத்தவர்கள், உண்மையான காவல்படை கோடு போடாமல் வரும் என்று யோசிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டேரில் வீட்டுக்கு வந்திருந்தான். வாத்துக்கறி, பருப்பு ரொட்டி. இருபத்து மூன்று வயசு, சீருடை போட்டு ஒன்றரை வருஷம். தட்டில் கை வைப்பதற்கு முன்பே போனை நீட்டினான்.

"அக்கா, இதைப் பாரு. நாலு எஞ்சின், ஒவ்வொண்ணும் முன்னூறு குதிரை. பெரிய கப்பல் கிளம்பறதுக்குள்ள இது போய் வேலையை முடிச்சிட்டுத் திரும்பிடும். எவ்ளோ வேகத்துல போனாலும் டம்ளர் தண்ணி தளும்பாது."

"அந்த வேகத்துல எவன்டா டம்ளர்ல தண்ணி குடிக்கிறான்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்கா. முன்னாடி பாரு, அரை அங்குலத் தோட்டா. மைல் தள்ளியிருக்கிற எஞ்சினைக்கூட ரெண்டா பொளக்கும். விமானத்துல ஒரு கேமரா வச்சிருக்காங்க, இருட்டு மழை எதுவா இருந்தாலும் மனுஷ உடம்புச் சூட்டைப் பார்த்துச் சொல்லிடும். அது சொல்லும், நாங்க போவோம்."

சஹதேவ் வாத்து எலும்பைத் தட்டில் வைத்தான். "சூட்டைப் பார்க்குதாம். மார்வின் உடம்பு ஆறினப்புறம்தானே வந்தீங்க?"

"மச்சான், அன்னிக்கு எங்களுக்குத் தகவலே..."

"பெட்ரோல் போட்டு ஊர் சுத்துற டூரிஸ்டுங்கடா நீங்க. சாப்பிடு. வாத்து நல்லாருக்கு." சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்து பின்பக்கம் போய்விட்டான். போட்டோவை அவன் பார்க்கவே இல்லை, கோடு அடிக்காத கதையையும் கேட்கவில்லை. விழாவுக்கு முன்னால் படகு ரோந்துக்கு வராது என்று ருக்மினும் அவனிடம் சொல்லவில்லை.

ருக்மின்தான் மெதுவாகக் கேட்டாள். "ஓடுற படகை எப்படிடா நிறுத்துவீங்க?"

"முதல்ல சைரன். அப்புறம் ஒலிபெருக்கி. அப்புறம் படகுக்கு முன்னாடி தண்ணியில சுடுவோம், ரெண்டு தடவை. அதுக்கும் நிக்கலைன்னா எஞ்சின்."

"எஞ்சினை ஒட்டித்தானே ஓட்டுறவன் உக்காந்திருப்பான்? கைப்பிடியே அதுலதானே இருக்கு?"

"ஆமா. முழங்காலுக்கும் எஞ்சினுக்கும் ஒரு சாண்தான் இருக்கும்."

"ரெண்டு படகும் குதிச்சுக்கிட்டு இருக்குமே."

"அதனாலதான் என்னை அங்க நிறுத்தியிருக்காங்க. எனக்குக் கை ஆடாது" என்று சிரித்தான். ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தான். அந்தக் கையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆடத்தான் இல்லை.

இப்போது ருக்மின் அந்தக் கைக்குத்தான் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சஹதேவின் போன் முனையைத் தாண்டினால் எடுக்காது. காவல்படைத் தளத்துக்குப் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், இப்ப ஒரு படகு எண்ணெய்க் கிணத்துப் பக்கம் போயிருக்கு. அங்க என் புருஷன் மீன் பிடிக்கிறார். கோடு இல்லாததால ஓடுவார். சுட வேண்டாம்னு சொல்லணும்."

"எந்தப் படகு எங்க இருக்குன்னு நாங்க வெளியில சொல்றதில்லைங்க."

"நீங்க சொல்ல வேண்டாம். நான்தான் சொல்றேன். நீங்க அவங்ககிட்ட சொல்லுங்க."

"பேரு, ஊரு சொல்லுங்க. படகோட பதிவு எண்?"

எண் நினைவுக்கு வரவில்லை. தினம் ஏறி இறங்குகிற படகு, தன் கையாலேயே பெயிண்ட் அடித்த எண், வரவே இல்லை. லைனில் இருங்கள் என்றாள் அந்தப் பெண். பாட்டு போட்டார்கள். ஸ்டீல் பான் வாத்தியத்தில் ஒரு கிறிஸ்மஸ் பாட்டு, ஜூன் மாசத்தில்.

ருக்மின் போனைக் காதில் வைத்துக்கொண்டே ரேடியோ அலமாரியை நோக்கி நடந்தாள். யூலலி அதற்கு முன்னால் வந்து நின்றாள். மறித்தாள் என்று சொல்ல முடியாது. நின்றாள், அவ்வளவுதான். கையெல்லாம் மீன் செதில்.

"நீ இதுல என்ன சொல்லப்போற?"

"கோடு இல்லாத படகு நம்ம படகுதான்னு."

"அவனுங்களும் கேப்பானுங்க."

ருக்மின் நின்றுவிட்டாள்.

"விமானம் ஏன் சுத்துதுன்னு உனக்குத் தெரியும்" என்றாள் யூலலி. குரலை உயர்த்தவில்லை. "இன்னிக்கு அவனுங்க வந்துக்கிட்டிருக்கானுங்க. கோடில்லாத படகை அவனுங்களுக்கும் அடையாளம் தெரியாது. அவனுங்களை மாதிரியே இன்னொரு கூட்டம்னு நெனைச்சு கிட்ட வருவானுங்க. ஒன்பது மாசத்துல இப்பதான்டி இப்படி ஒரு நாள் வாய்ச்சிருக்கு. நீ அந்த மைக்கை எடுத்தா, பாதி வழியிலேயே திரும்பிடுவானுங்க."

"டான்டி, பிரேக்ஸ் அங்க இருக்கான்."

"என் மகனும் அங்கதான் இருந்தான்."

கொட்டகைக்குள் ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தம். வெளியே கூழைக்கடா ஒன்று மரத்தூணில் உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. வடக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ருக்மினின் ரப்பர் செருப்பு ஈரத்தரையில் சளக் சளக் என்று சத்தம் போட்டது.

யூலலி நகர்ந்தாள். "நான் தடுக்கலை. நான் எதுவும் சொல்லவும் மாட்டேன்" என்றுவிட்டு, மேஜைக்குத் திரும்பிப்போய் அந்தக் கெளுத்தியை மறுபடி எடுத்தாள்.

ருக்மின் மைக்கை எடுத்தாள். "பிரேக்ஸ், நான் ருக்மின். கோடு இல்லாம ஒரு சாம்பல் படகு வருது. அது காவல்படைதான். டேரில் அதுல இருக்கான். ஓடாதே. எஞ்சினை அணைச்சிட்டுக் கையைத் தூக்கு."

விசையை விட்டாள். இரைச்சல்தான் வந்தது. தட்டல் வரவில்லை.

"பிரேக்ஸ், கேக்குதா? லெஸ்லி, நீயாவது தட்டு." லெஸ்லி அவனோடு தூண்டில் இழுக்கிறவன். "என் கழுத்துல யாரும் கத்தி வைக்கலை. நான் கொட்டகையிலதான் இருக்கேன். பக்கத்துல டான்டி மீன் வெட்டிக்கிட்டிருக்கு. நேத்து நீ என் நல்ல துண்டால எஞ்சினைத் துடைச்சிட்டு வந்து நின்னப்ப நான் திட்டினேன்ல? அதே ருக்மின்தான். மடையா, தட்டேன்."

வளைகுடா முழுக்க எத்தனை படகு கேட்டதோ, ஒருவரும் தட்டவில்லை. துண்டைப் பற்றியெல்லாம் சொல்லவைக்கத் தெரியாதவர்களா அவர்கள்? மார்வினை அவன் நாய்க்குட்டியின் பெயரைக்கூடச் சொல்லவைத்தார்கள். சொல்லி முடித்த பிறகுதான் ருக்மினுக்கு அது உறைத்தது. ஊர் சொல்லி வைத்ததை சஹதேவ் அப்படியே செய்துகொண்டிருக்கிறான். மனைவியின் கழுத்தில் கத்தி என்று நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, உட்கார்ந்திருக்கிறான்.

அப்புறம் அது வந்தது. விடாத அழுத்தல்.

ரேடியோவிலிருந்து எஞ்சின் அலறல் கொட்டகையை நிறைத்தது. காற்று. படகு அடிப்பக்கம் அலையில் அறைகிற சத்தம். லெஸ்லியின் குரல், யாரிடமும் இல்லாமல், "ஐயோ மாதாவே, ஐயோ மாதாவே" என்று. அவன் கையில் மைக் விசை இறுகிக் கிடந்தது.

ருக்மின் தன் விசையை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிரயோஜனமில்லை. அவன் விரலை எடுத்தால்தான் இவள் குரல் போகும். அவன் எடுக்கிற மாதிரி இல்லை. புருஷன் சாகப்போவதைக் கேட்கலாம், பேச முடியாது.

சைரன் கேட்டது, மெலிதாக, பின்னாலிருந்து. பிறகு ஒலிபெருக்கி. "காவல்படை. நில்."

"வேகமா போ, அதையேதான் சொல்றானுங்க, செப்டம்பர்லயும் அதையேதான் சொன்னானுங்க" என்று லெஸ்லி கத்தினான்.

"திட்டு தெரியுதா பாரு" என்றது இன்னொரு குரல். சஹதேவ். சாதாரணமாக, உப்பு எங்கே என்று கேட்கிற மாதிரி. ருக்மினுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. அலமாரிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் வேட்டு. தகரக் கூரைமேல் சரளைக்கல்லைக் கூடையோடு கொட்டினதுபோல. ரேடியோவில் கேட்டு முடித்து, மூச்சு விட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதே சத்தம் கடல் வழியாகவும் வந்து சேர்ந்தது. கூழைக்கடா எழுந்து பறந்தது.

"ஒண்ணு" என்றாள் ருக்மின்.

படகு வளைகிற சத்தம். எஞ்சின் தொண்டை கட்டி இருமிப் பிறகு மறுபடி அலறியது. ரெண்டாவது வேட்டு. லெஸ்லி வீறிட்டான். அவன் கையிலிருந்து மைக் விழுந்திருக்க வேண்டும், அலறல் பட்டென்று அறுந்து, ரேடியோவில் வெறும் இரைச்சல்.

"ரெண்டு. டான்டி, ரெண்டு ஆயிடுச்சு. அடுத்தது எஞ்சின்தான். டேரில்தான் சுடப்போறான், அவனுக்குக் கை ஆடாது, ஒரு சாண்தான்..." மைக் அவள் கையில் இருந்தது. அழுத்த வேண்டும். என்ன சொல்ல? எதைச் சொன்னாலும் பொய்யென்று ஆகிவிட்டதே.

செதில் ஒட்டிய கை ஒன்று அவள் தோளைத் தாண்டி வந்து மைக்கை எடுத்தது.

யூலலி விசையை அழுத்தினாள். அப்புறம் சொன்னாள், ஒவ்வொரு வார்த்தையாக, எங்கோ எழுதி வைத்ததைப் படிப்பதுபோல.

"பிரேக்ஸ். யூலலி பேசறேன். இது காவல்படைதான். பயப்படாம நிறுத்து."

விரலை எடுத்தாள்.

இரைச்சல். ருக்மின் எண்ணினாள். எதற்கு எண்ணுகிறோம் என்று தெரியாமலே ஏழு வரைக்கும் எண்ணினாள்.

டக். டக்.

அதோடு ரேடியோ அடங்கிவிட்டது. தட்டினது சஹதேவா லெஸ்லியா, எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. யூலலி மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே போனாள். மழை பிடித்துக்கொண்டது. அவள் மழையிலேயே படகுத்துறைப் பலகைமேல் உட்கார்ந்திருந்தாள். ருக்மின் குடை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய், அதற்குமேல் போகத் துணிச்சல் வராமல் திரும்பிவிட்டாள். போனில் இன்னமும் அந்தக் கிறிஸ்மஸ் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து சாம்பல் படகு மழைக்குள்ளிருந்து வந்தது. பின்னால் கயிற்றில் சஹதேவின் படகு. லெஸ்லி நடுவில் குந்தியிருந்தான். சஹதேவ் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். காயம் இல்லை. ஆனால் துறையில் இறங்கச் சொன்னபோது அவனால் முடியவில்லை. ரெண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. பலகைமேல் வைத்ததும் குனிந்து வாந்தி எடுத்தான். ருக்மின் அவன் முழங்காலைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"என்னடி பண்ற?"

"சும்மா இரு."

டேரில் இறங்கி வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றினான். முகம் பழைய சோறு மாதிரி வெளுத்திருந்தது.

"விரலை வச்சிட்டேன் அக்கா. எங்க படகுல உங்க அலைவரிசை கேக்காது. மச்சான்னு தெரியாது, கொட்டுற மழையில முதுகுதான் தெரிஞ்சுது. அதிகாரி சுடுன்னுட்டாரு. அழுத்தப் போறப்ப எஞ்சின் நின்னுடுச்சு." கையை நீட்டிக் காட்டினான். வாழைநார் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. "இது நிக்க மாட்டேங்குது."

"நீ எப்படிடா நிறுத்தின?" என்று ருக்மின் புருஷனைக் கேட்டாள். "நான் அவ்ளோ கத்தினேன், நிக்கலையே."

சஹதேவ் வாயைத் துடைத்தான். "உன்னைச் சொல்லவைப்பானுங்க. என்னைச் சொல்லவைப்பானுங்க. டான்டியை எவனாலயும் அந்த வார்த்தையைச் சொல்லவைக்க முடியாது. கழுத்தை அறுத்தாலும் சொல்லாது. அது சொன்னா நெஜம்தான்." சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த யூலலியை அவன் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

யூலலி டேரிலிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவனுங்க வந்தானுங்களா?"

டேரில் அதிகாரி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான். "மூணு எஞ்சின் படகு ஒண்ணு, டான்டி. விமானம் பார்த்துக்கிட்டேதான் இருந்துச்சு. எங்களுக்கு நேரா வந்துக்கிட்டிருந்தது. அக்கா பேசினதை நம்பலை போல. உங்க பேச்சு வந்த நேரத்துல, மச்சான் நிறுத்தினப்பவே, வளைஞ்சு அக்கரைக்குப் போயிடுச்சு. இன்னும் பத்து நிமிஷம் வந்திருந்தா..." மீதியை விழுங்கினான்.

யூலலி தலையாட்டினாள். எழுந்து, பாவாடையைப் பிழிந்துவிட்டு, கொட்டகைக்குள் போய்க் கெளுத்தியை வெட்டி முடித்தாள்.

அதிகாரி நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, கோடு இல்லாத படகு காவல்படையுடையது என்று உனக்கு யார் சொன்னது என்று ருக்மினைக் கேட்டார். அவள் தம்பியைப் பார்த்தாள். டேரிலே ஒத்துக்கொண்டான். அவனைத் துப்பாக்கியிலிருந்து எடுத்துத் தளத்துச் சமையல் கட்டில் போட்டிருக்கிறார்கள். வெங்காயம் உரிக்கிறானாம். அந்தக் கைக்கு அதுதான் சரி என்று அவனே சொல்கிறான். படகுக்கு வியாழக்கிழமை கோடு அடித்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அடுத்த செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊரிலிருந்து மீனுக்குப் போன ரெண்டு பேர் திரும்பவில்லை. மூணு எஞ்சின் படகொன்றைப் பார்த்ததாக எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். அதே படகுதானா என்று யாருக்குத் தெரியும். அந்த ரெண்டு பேரில் ஒருவனின் மனைவி, கர்ப்பிணி, நாலு நாளாக நம் கொட்டகைக்கு வந்து ரேடியோவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர்கள் ஊரில் ரேடியோ இல்லை. யூலலி அவளுக்குப் பொரித்த ரொட்டியும் கருவாடும் கொடுக்கிறாள். ருக்மின் அவள் கண்ணில் படாமல் மீனைப் பின்பக்கம் எடுத்துப்போய்க் கழுவுகிறாள்.

ஊரில் பாதிப்பேர் யூலலி செய்ததுதான் சரி என்கிறார்கள். கண்ணெதிரே ஒருத்தன் சாகிறான், வேறென்ன செய்ய முடியும் என்கிறார்கள். மீதிப்பேர் வாய்விட்டு எதுவும் சொல்வதில்லை, அந்தக் கர்ப்பிணியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அன்றைக்கு அந்த மூணு எஞ்சின் படகு எதனால் தப்பிப்போனது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. சொல்லிவிடலாமா என்று ருக்மின் கேட்டால், நீ சும்மா இரு, நான்தானே பேசினேன், நானே சொல்லிக்கறேன் என்கிறாள் யூலலி. சொன்னபாடில்லை.

நீங்க சொல்லுங்க. ரெண்டு வேட்டு முடிஞ்சாச்சு, மூணாவது வரப்போகுது, மைக் உங்க கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு, அவனுங்களும் கேட்டுக்கிட்டிருக்கானுங்க. நீங்களா இருந்தா எடுத்திருப்பீங்களா?